லீட்ரிம்: கேலன் கணக்கில் விற்கும் நிலம்

2024 அக்டோபர் 12, கேள்வி

"அயர்லாந்துப் படங்களைப் பார்த்தால் கண்ணுக்கு எட்டிய தூரம் பச்சை. வருஷம் முழுக்க மழை. இவ்வளவு இருந்தும் மேற்கே போகப் போக மாட்டைத் தவிர ஒன்றுமே இல்லையே. கோதுமை போட்டால் என்ன, காய்கறி போட்டால் என்ன? சோம்பேறித்தனமா, மானியம் வருகிற தைரியமா? அந்தப் பக்கம் இருக்கிறவர்கள் யாராவது சொல்லுங்கள்."

2024 அக்டோபர் 12, இரவு

அந்தப் பக்கம் இருக்கிறவன் நான்தான். லீட்ரிம் மாவட்டம், ட்ரம்ஷான்போவுக்குப் பக்கத்தில். மனைவிக்கு இங்கே முதியோர் இல்லத்தில் நர்ஸ் வேலை, அதனால் வந்தோம். ஆறு வருஷம் ஆகிறது. நான் விவசாயி இல்லை. பக்கத்து வீட்டுப் பெரியவர் மாடு வைத்திருக்கிறார். கூப்பிட்டால் போய் கேட் பிடிப்பேன். என் விவசாய அறிவு எல்லாம் அந்தக் கேட்டுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தது.

சோம்பேறித்தனம் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் காதில் விழாத வரைக்கும் நல்லது.

2024 அக்டோபர் 13

நேற்று கோபத்தில் பதில் சொல்லாமல் விட்டுவிட்டேன். பதில் மண்ணில் இருக்கிறது. மேலே புல் வேர், அரை அடி கருப்பு மண். அதற்குக் கீழே நீலமும் சாம்பலும் கலந்த களிமண், நடுநடுவே துருப்பிடித்த மாதிரி செம்புள்ளிகள். பனியுகத்தில் பனிப்பாறைகள் அரைத்து, அமுக்கி, அப்படியே விட்டுப்போன மண். தண்ணீர் உள்ளே இறங்காது. மண் ஆய்வாளர்கள் இதை வெறும் கிளே (clay) என்று சொல்லாமல், 'க்லே' (gley) என்று தனிப்பெயரில் சொல்வார்கள். ஊர்க்காரர்கள் 'டாப்' (daub) என்கிறார்கள், சுவரில் அப்புகிற சேறு என்கிற அர்த்தத்தில். கையில் எடுத்துப் பிசைந்தால் பிள்ளையார் செய்யலாம்.

மழை பெய்கிறது, இறங்க வழி இல்லை, மேலேயே நிற்கிறது. அதில் கோதுமை விதைத்தால் வேர் அழுகும். விதைக்கிறதுக்கு முன்னால் டிராக்டரே புதையும். புல் மட்டும்தான் இதைத் தாங்கும். அந்தப் புல்லையும் முழுசாக விடாமல் பாதி வயலை ரஷ் பிடித்துக்கொள்ளும். நம் கோரை மாதிரி, கொத்துக் கொத்தாக, உருண்டைத் தண்டோடு. மாடு அதைச் சீந்தாது. நீங்கள் படத்தில் பார்த்து மயங்கிய பச்சையில் எவ்வளவு புல், எவ்வளவு ரஷ் என்று ஒரு தடவை பெரிதாக்கிப் பாருங்கள்.

அயர்லாந்து முழுக்கச் சொல்கிற ஒரு கேலி: லீட்ரிமில் நிலத்தை ஏக்கர் கணக்கில் விற்பதில்லை, கேலன் கணக்கில் விற்பார்கள்.

2024 அக்டோபர் 13, கொஞ்சம் கழித்து

முதல் வருஷம் பெரியவர் வயலோரம் காரை நிறுத்தினேன். தரை பச்சையாக, சமமாக, கார் நிறுத்தவே செய்து வைத்த மாதிரி இருந்தது. அரை மணி கழித்து வந்தால் முன்சக்கரம் இரண்டும் காணோம். டிராக்டரில் கயிறு கட்டி இழுத்துவிட்டு அவர் சொன்னது ஒரே வார்த்தை: "கம் பூட்ஸ் வாங்கு." காருக்கா எனக்கா என்று கேட்கவில்லை.

2024 அக்டோபர் 20

ஒருவர் 'மேடு பள்ளமாகத் தெரிகிறதே, தண்ணீர் ஓடிவிடாதா' என்று கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி.

தெற்கு லீட்ரிம் முழுக்க ட்ரம்லின். முட்டையைப் பாதியாக அறுத்துக் கவிழ்த்து வைத்த மாதிரி சின்னச் சின்ன மேடுகள், நூற்றுக்கணக்கில். இதுவும் பனிப்பாறை செய்த வேலைதான். ட்ரம்லின் என்கிற சொல்லே ஐரிஷில் 'ட்ரம்', அதாவது முதுகு, மேடு என்பதிலிருந்து உலகப் புவியியலுக்குப் போனது. ஊர்ப் பெயர்களைப் பாருங்கள்: ட்ரம்ஷான்போ, ட்ரம்கீரன், ட்ரம்ஸ்னா, ட்ரோமஹேர், ட்ரோமட். எங்கள் ஊருக்கு 'கிழப்பசுவின் மேடு' என்று அர்த்தம். மாட்டு ஊருக்குப் பொருத்தமான பெயர்.

மேட்டில் விழுகிற தண்ணீர் ஓடத்தான் செய்கிறது. ஓடி, இரண்டு மேட்டுக்கும் நடுவில் உட்கார்ந்துகொள்கிறது. அங்கே ஏரி, இல்லாவிட்டால் சதுப்பு, இல்லாவிட்டால் பாதி சதுப்பான வயல். அதனால்தான் இங்கே சாலை எதுவும் நேராகப் போகாது. வீடு மேட்டின் இடுப்பில் இருக்கும். வயல் ஒவ்வொன்றும் கைக்குட்டை அளவு, சுற்றிலும் வெள்ளைப்பூ முள்வேலி. பெரிய இயந்திரம் கேட்டிலேயே நுழையாது.

2024 அக்டோபர் 22

திருத்தம். கிழப்பசு இல்லையாம். 'ஷான்போ' பழைய குடிசைகளைக் குறிப்பது, பசுவை இல்லை என்று பெயர் ஆய்வு செய்தவர்கள் சொல்கிறார்கள். பெரியவரிடம் சொன்னேன். "நான் எழுபது வருஷமாகப் பசு என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன், இனி மாற்றுவதாக இல்லை" என்றார்.

இன்னொரு திருத்தமும் உண்டு. மாவட்டம் முழுக்கக் களிமண் என்கிற தொனியில் எழுதிவிட்டேன். லாக் ஆலன் ஏரி மாவட்டத்தைக் கிட்டத்தட்ட இரண்டாக அறுக்கிறது. வடக்கே மேனர்ஹாமில்டன் தாண்டினால் கதை வேறு: சுண்ணாம்புக்கல் மலைகள், மேலே தட்டையாகவும் பக்கத்தில் செங்குத்தாகவும். கிளென்கார், கிளெனேட் என்று ஆழமான பள்ளத்தாக்குகள். அங்கே மலையில் ஆடு மேயும். ஏரிக்கு இந்தப் பக்கம் எங்கள் தலைக்கு மேல் நிற்பது ஸ்லீவ் அன் ஐரன், பெயருக்கு அர்த்தம் இரும்பு மலை. உண்மையிலேயே இரும்பு எடுத்த மலை.

வடமேற்கு முனையில் டுல்லஹான் பக்கத்தில் கடலும் உண்டு. ஸ்லைகோவுக்கும் டோனகலுக்கும் நடுவில் ஐந்து கிலோமீட்டருக்கும் குறைவான கரை. கடற்கரை உள்ள ஐரிஷ் மாவட்டங்களில் மிகச் சிறிய கரை இதுதான். எங்களுக்கும் கடல் இருக்கிறது என்று சொல்லிக்கொள்ள அது போதும்.

2024 நவம்பர் 3

மார்ட்டுக்குப் போய்வந்தேன். மார்ட் என்றால் கால்நடை ஏலக் கூடம். இலையுதிர் காலத்தில்தான் கூட்டம். காரணம் இங்கே செய்கிற தொழிலின் கணக்கு.

தெற்கே கார்க், டிப்பரரி பக்கம் நல்ல நிலத்தில் பால் பண்ணை. இங்கே பெரும்பாலும் பால் கறக்கிறதே இல்லை. பசு கன்று போடும், பால் முழுக்கக் கன்றுக்கு. எட்டு ஒன்பது மாதம் தாயோடு மேய்ந்து வளர்ந்ததும் கன்றை விற்பார்கள். வாங்குகிறவர் நல்ல நிலம் உள்ள மாவட்டத்துக்காரராக இருப்பார், இல்லையென்றால் இத்தாலிக்குக் கப்பலில் அனுப்புகிற வியாபாரியாக இருப்பார். கொழுக்கவைத்து இறைச்சியாக்குவது அவர்கள் வேலை. ஆக லீட்ரிம்காரர் கையில் இருப்பது பயிரின் முதல் பாதி. லாபம் பெரும்பாலும் இரண்டாம் பாதியில் இருக்கிறது.

கூடத்துக்குள் வட்ட வேலி. கன்று உள்ளே வந்ததும் பலகையில் எடை எரியும். ஏலக்காரர் மூச்சு விடாமல் பாடுவார். வாங்குகிறவர்கள் கை தூக்குவதில்லை. ஒருவர் புருவத்தை அசைத்தார், இன்னொருவர் ஒரு விரலைக் கம்பியிலிருந்து எடுத்தார். நான் மூக்கைச் சொறியப் பயந்து கையைப் பைக்குள் வைத்துக்கொண்டேன். பெரியவர் ஆறு கன்று விற்றார். விலை திருப்தியா என்றால் "மோசமில்லை" என்றார். இங்கே அதுதான் உச்சபட்ச மகிழ்ச்சி.

மானியம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். உண்டு, ஐரோப்பிய ஒன்றியப் பணம். அது இல்லாமல் இந்தக் கணக்கு நிற்காது, அதை யாரும் மறைப்பதும் இல்லை. கூடவே பலருக்கு வேறு வேலையும் இருக்கும், லாரி ஓட்டுவார், இல்லை கட்டட வேலை செய்வார். மாடு மாலையிலும் சனிக்கிழமையிலும்.

2024 நவம்பர் 17

மாடுகள் ஷெட்டுக்குள் போய்விட்டன. குளிர் காரணம் இல்லை. மாடு குளிரைத் தாங்கும், நிலம்தான் மாட்டைத் தாங்காது. நவம்பரில் பத்து மாட்டை வயலில் விட்டால் வசந்தத்தில் அது வயலாக இருக்காது, குளம்பால் உழுத சேறாக இருக்கும். அதனால் ஏப்ரல் வரை உள்ளே. தரை கான்கிரீட் சட்டங்கள், இடைவெளி வழியே சாணமும் மூத்திரமும் கீழே தொட்டியில் விழும். தின்பதற்குக் கோடையில் அறுத்து, கருப்பு பிளாஸ்டிக் சுற்றிப் புளிக்கவைத்த புல், சைலேஜ்.

2023 ஜூலை அயர்லாந்து இதுவரை பதிவு செய்ததிலேயே அதிக மழை பெய்த ஜூலை. புல் அறுக்க நான்கு நாள் வெயில் கிடைக்கவில்லை. அடுத்த வசந்தமும் ஈரம். போன ஏப்ரலில் மாட்டை வெளியே விட முடியாமல், உள்ளே தீவனமும் தீர்ந்து, பெரியவர் தினமும் மிச்சமிருந்த சைலேஜ் உருளைகளை எண்ணிக்கொண்டு நின்றதைப் பார்த்திருக்கிறேன். மழைக்காக ஏங்குகிற ஊரிலிருந்து வந்தவன், மழை ஓயாதா என்று வேண்டிக்கொண்டேன்.

2024 நவம்பர் 18

தூறலுக்கு இங்கே 'மென்மையான நாள்' என்று பெயர். சொட்டச் சொட்ட நனைந்து கடைக்குள் நுழைந்தால் கடைக்காரம்மா "மென்மையான நாள்" என்பார். "ஆமாம், கடவுளுக்கு நன்றி" என்று பதில் சொல்ல வேண்டும். மறுத்துப் பேசக் கூடாது.

2024 டிசம்பர் 8

இது நீளமாகப் போகும்.

மண்ணைப் பற்றி எழுதிய எல்லாவற்றையும் திரும்பப் படித்தேன். ஏதோ மண் கெட்டது, அதனால் ஊர் காலி என்கிற மாதிரி இருக்கிறது. நேற்று சாயங்காலம் வெயில் தாழ்ந்து அடித்தபோது எதிர்மேட்டில் வரிவரியாக நிழல் தெரிந்தது, சீப்பால் இழுத்த மாதிரி. பெரியவரிடம் கேட்டேன். உருளைக்கிழங்குப் பாத்திகள். பஞ்சத்துக்கு முன்னால் போட்டவையாக இருக்கலாம் என்றார். அதற்கப்புறம் அந்த உயரத்தில் யாரும் மண்வெட்டி வைக்கவில்லை.

களிமண்ணில் கிழங்கு எப்படி? இவர்கள் 'லாய்' என்று ஒரு மண்வெட்டி வைத்திருந்தார்கள். நீளமான கைப்பிடி, ஒரு காலால் மிதிக்க ஒரு படி, குறுகலான இரும்பு நுனி. அதால் இரண்டு பக்கத்துப் புல்தரையையும் வெட்டி நடுவில் கவிழ்த்துப் பாத்தியை உயர்த்துவார்கள். வெட்டின இடம் வாய்க்கால் ஆகிவிடும், தண்ணீர் அதில் போகும், கிழங்கு மேலே காய்ந்த மண்ணில் இருக்கும். ஆங்கிலத்தில் இதற்கு 'சோம்பேறிப் பாத்தி' என்று பெயர் வைத்தார்கள். ஒரு மேட்டை முழுக்கக் கையால் கவிழ்த்தவனைச் சோம்பேறி என்று எழுதினவன் ஒருநாள் லாய் பிடித்திருக்க வேண்டும். கேள்வி கேட்டவரே, அந்தச் சொல் உங்களுக்கு முன்னாலேயே இங்கே வந்துவிட்டது.

1841 கணக்கெடுப்பில் லீட்ரிமில் 1,55,297 பேர். 1845இல் கிழங்கில் கருகல் நோய், அதிலிருந்து பஞ்சம். 1851இல் 1,11,897 பேர். அதோடு நின்றிருந்தால் பஞ்சத்தின் கதை என்று முடிக்கலாம். நிற்கவில்லை. கப்பல் ஏறினார்கள், ஏறிக்கொண்டே இருந்தார்கள். 1996இல் 25,057. ஆறு பேர் இருந்த இடத்தில் ஒருவர். 2022இல் 35,199 வரை ஏறியிருக்கிறது, அந்த ஏற்றத்தில் எங்கள் குடும்பத்துக்கும் பங்கு உண்டு. இன்றைக்கும் அயர்லாந்தில் மக்கள்தொகை மிகக் குறைந்த மாவட்டம் இதுதான்.

அதே மண்தான் ஒன்றரை லட்சம் பேருக்கும் சோறு போட்டது, பஞ்சம் வரைக்கும். நிலம் யார் பெயரில் இருந்தது என்பதையும் பார்க்க வேண்டும். மோஹில் பக்கம் லாக் ரின்னில் மாளிகை வைத்திருந்த மூன்றாம் லீட்ரிம் பிரபு, குத்தகைக்காரர்களை வெளியேற்றுவதற்குப் பேர்போனவர். 1878இல் டோனகலில் வழிமறித்துக் கொன்றார்கள். இந்த ஊரில் அவர் பெயரைச் சொன்னால் இப்போதும் முகம் மாறும். களிமண் மேல் மட்டும் பழி போட்டதற்கு வருத்தப்படுகிறேன்.

2024 டிசம்பர் 9

கால்பந்து கேட்டவருக்கு: கேலிக் கால்பந்தில் (அயர்லாந்தின் சொந்தக் கால்பந்து வகை) லீட்ரிம் கொனாக்ட் மாகாணக் கோப்பையை வென்றது 1927இல். அடுத்து 1994இல். அதற்கடுத்து எப்போது என்று இங்கே கேட்காதீர்கள்.

2025 ஜனவரி 11

'அவ்வளவு மோசமான நிலம் என்றால் மரம் நடலாமே.' மூன்று பேர் இதையே கேட்டிருக்கிறீர்கள். நட்டாயிற்று. பிரச்சினையே அதுதான்.

சிட்கா ஸ்ப்ரூஸ். வட அமெரிக்காவின் மேற்குக் கரை ஊசியிலை மரம். ஈரத்தையும் கெட்ட மண்ணையும் பொறுத்துக்கொள்ளும், முப்பத்தைந்து நாற்பது வருஷத்தில் வெட்டுக்கு வரும். லீட்ரிமில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு நிலம் காடு. வேறு எந்த ஐரிஷ் மாவட்டத்திலும் இந்த விகிதம் இல்லை. அதில் பெரும்பகுதி இந்த மரம். வரிசையாக, நெருக்கமாக, அடியில் வெளிச்சமே இல்லாமல்.

மூன்று பக்கமும் ஸ்ப்ரூஸ் சூழ்ந்த வீடு ஒன்று எங்கள் சாலையில் இருக்கிறது. குளிர்காலத்தில் மதியம் இரண்டு மணிக்கே அந்த வாசலில் இருட்டு. மரம் வந்தால் வீடு வராது. வீடு வராவிட்டால் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளை வராது. ஒருமுறை காடாக்கினால் சட்டப்படி அது காடுதான், வெட்டினால் திரும்ப நட வேண்டும், வயலாக்க முடியாது. வெளியூர் முதலீட்டாளர்கள் ஏலத்தில் வந்து விலையை ஏற்றினால் பக்கத்து விவசாயிக்கு அந்தப் பத்து ஏக்கர் கிடைக்காது. இதை எதிர்த்துப் பல வருஷமாக இங்கே போராட்டம் நடக்கிறது. நானும் அந்தக் கட்சி.

அதாவது, போன வாரம் வரை. பெரியவரும் பதினைந்து வருஷத்துக்கு முன்னால் நான்கு ஏக்கரில் ஸ்ப்ரூஸ் நட்டவர் என்று இப்போதுதான் தெரிந்தது. மலையடிவார வயல், சதுப்பு, ஒரு தடவை பசு ஒன்றை அதில் பறிகொடுத்தாராம். "மகன் டப்ளினில். அந்த வயலை யார் பார்ப்பார்கள்? மரத்துக்குக் கன்று ஈன உதவி வேண்டாம்" என்றார். நாட்டில் பண்ணை நடத்துகிறவர்களில் மூன்றில் ஒருவர் 65 வயதைத் தாண்டியவர். அவர்களிடம் போய் மரம் நடாதே என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை?

2025 ஜனவரி 12

உள்ளூர் மரம் நடலாமே என்பவருக்கு: ஆஷ் மரம் நடச் சொல்லி ஒரு காலத்தில் ஊக்கம் கொடுத்தார்கள். 2012இல் ஆஷ் மரத்தைக் கொல்லும் பூஞ்சை நோய் அயர்லாந்தில் முதன்முதலில் கண்டுபிடிக்கப்பட்டது எங்கே தெரியுமா? லீட்ரிமில், இறக்குமதி செய்த நாற்றில். இந்த மாவட்டத்துக்கு ராசியே இப்படி.

2025 பிப்ரவரி 1

மின்சாரம் நேற்று இரவுதான் வந்தது. ஏழு நாள்.

ஜனவரி 24 விடியற்காலை ஏயொவின் புயல். அட்லாண்டிக் கரையில் மேஸ் ஹெட்டில் மணிக்கு 183 கிலோமீட்டர் வேகம், நாட்டில் இதுவரை பதிவானதிலேயே அதிகம். நாடு முழுக்க 7,68,000 வீடுகளிலும் கடைகளிலும் மின்சாரம் போனது. எங்களுக்குக் கிணற்றுத் தண்ணீர், மோட்டார் ஓடாவிட்டால் தண்ணீரும் கிடையாது. பெரியவர் டிராக்டரில் ஜெனரேட்டர் மாட்டி முதலில் மாட்டுக்குத் தண்ணீர் விட்டார், அப்புறம் எங்களுக்கு. வரிசையைப் பற்றி நான் வாதாடவில்லை.

அவருடைய நான்கு ஏக்கர் படுத்துவிட்டது. நின்றது இருபது முப்பது மரம்தான். போய்ப் பார்த்தேன். மரம் முறியவில்லை, வேரோடு சாய்ந்திருக்கிறது. சாய்ந்த வேரைப் பார்த்தால் தட்டு மாதிரி இருக்கிறது, அகலம் ஆளுயரம், கனம் அரை அடி. களிமண்ணை வேர் துளைக்கவில்லை, மேலேயே பரந்திருக்கிறது. அக்டோபரில் நான் எழுதின அதே அரை அடி. தண்ணீரை விடாத மண் வேரையும் விடவில்லை.

இன்று பிரிஜிட் புனிதர் நாள். பெரியவரின் மனைவி ரஷ் தண்டை மடித்துப் பின்னிச் சிலுவை செய்து கொடுத்தார், வாசலுக்கு மேல் மாட்ட. ஆறு வருஷமாக இந்த ரஷ்ஷை நான் திட்டாத நாள் இல்லை. பின்னினால் அழகாகத்தான் இருக்கிறது.

இன்றைக்கே இன்னொரு விசேஷம். குளிர்காலம் முழுக்க வயலில் ஸ்லரி, அதாவது தொட்டிச் சாணக் கரைசல், ஊற்றத் தடை. லீட்ரிம், கேவன், மொனஹன், டோனகல் நான்கு மாவட்டங்களுக்குத்தான் தடை நீளம், ஜனவரி முடியும் வரை. ஈர நிலம், ஊற்றினால் ஏரிக்குப் போய்விடும். காலையில் தடை முடிந்தது, பத்து மணிக்கு ஊரே மணக்கிறது. தொட்டியைக் கலக்கும்போது விஷவாயு கிளம்பும் என்று அரை மணி நேரம் என்னை ஷெட் பக்கமே விடவில்லை.

2025 மார்ச் 2

சாய்ந்த மரத்தை நீங்களே வெட்டி விற்கலாமே என்று எழுதினவருக்கு: தயவுசெய்து யாரும் அப்படி ஆலோசனை சொல்லாதீர்கள். ஒன்றன்மேல் ஒன்று விழுந்து வில்லாக வளைந்து நிற்கிற மரங்கள். ஒரு வெட்டில் எது எந்தப் பக்கம் எகிறும் என்று தெரியாது. அனுபவசாலி ஆட்கள், பெரிய இயந்திரம், இரண்டும் வேண்டும். இயந்திரம் வர நிலம் காய வேண்டும். நிலம் காய்வது பற்றி இந்த இழையின் தொடக்கத்தில் எழுதியிருக்கிறேன்.

2025 மே 18

ரொம்ப நாளாக எழுதவில்லை, வெயில் காரணம். இந்த வசந்தம் அயர்லாந்தில் யாரும் பார்க்காத வசந்தம். ஏப்ரலில் மாடு வெளியே. மாட்டு விலையும் ஏறிக் கிடக்கிறது. நேற்று மார்ட்டில் பெரியவர் "மோசமில்லை" என்பதற்குப் பதில் "நன்றாகத்தான் இருக்கிறது" என்றார், பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

மேட்டு வயலில் மட்டும் புல் லேசாக மஞ்சளிக்கிறது. களிமண் காய்ந்தால் வெடிக்கும் என்று எனக்குத் தெரியாது. விரல் நுழைகிற வெடிப்பு. அதைக் காட்டி அவர் சொல்கிறார்: "கொஞ்சம் மழை வந்தால் தேவலை." நான் அவரையே பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை.

மரம் வெட்டும் ஆட்கள் அடுத்த மாதம் வரலாம் என்று சொல்லியிருக்கிறார்களாம். அதற்கப்புறம் திரும்ப நட வேண்டும். ஸ்ப்ரூஸா, உள்ளூர் மரங்களான ஆல்டரும் பிர்ச்சுமா என்று என்னைக் கேட்டார். ஆல்டர் என்றேன். "அது என் பேரனுக்குக்கூட வெட்டுக்கு வராது" என்றார். பேரன் டப்ளினில் கம்ப்யூட்டர் படிக்கிறான். திரும்ப நடுவதற்கான படிவத்தை இன்னும் நிரப்பவில்லை, சமையலறை ஜன்னலில் பிரிஜிட் சிலுவைக்குக் கீழே கிடக்கிறது. செவ்வாய்க்கிழமை மாட்டுக்குக் காசநோய்ப் பரிசோதனை, கேட் பிடிக்கக் கூப்பிட்டிருக்கிறார்.